அடுத்த முறை எப்போது?

மாமல்லபுரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டு, அர்ச்சுனன் தபசு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பாறைச் சிற்பத்துக்கு அருகிலேயே இருக்கும் தலசயனப் பெருமாள் கோயிலுக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. வைணவர்களின் 108 திவ்விய தேசங்களில் ஒன்றான திருக்கடல்மல்லை இதுதான். முதலாழ்வார் மூவரில் இரண்டாமவரான பூதத்தாழ்வார் பிறந்ததும் இந்த ஊரில்தான் என்பது மரபு. அவர் பாடிய இரண்டாம் திருவந்தாதி நூறு வெண்பா. அவருடைய திருநட்சத்திரமான ஐப்பசி அவிட்டத்தில் அந்த நூறையும் கையில் புத்தகமில்லாமல் சொல்லி முடிப்பது, சேர்ந்து நின்று பிரபந்தம் ஓதும் கோஷ்டியின் வேலை.

நூறு வெண்பாவுக்கு அந்தாதியே ஒரு கைத்தாங்கல். ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். ஒன்று வாய்க்கு வந்துவிட்டால் மற்றது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். ஆனால் கோஷ்டியில் நிற்பவர் மனத்தில் வைத்திருக்க வேண்டியது நூறு அல்ல, ஆழ்வார்கள் பாடிய நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் முழுவதும். அதில் நம்மாழ்வாரின் திருவாய்மொழி மட்டும் 1,102 பாசுரம். ‘என்ன ஞாபக சக்தி!’ என்று வெளியிலிருந்து பார்ப்பவர் வியந்துவிட்டுப் போய்விடுவார். அந்த வியப்பு பாதி அநியாயமானது. கோஷ்டியில் நிற்பவருக்கு வாய்த்த மூளை நம்முடையதைப் போன்றதுதான். நமக்கு வாய்க்காத ஒன்று அவரிடம் இருக்கிறது. படித்ததை எந்தெந்த நாளில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று அவருக்காக வேறு யாரோ முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் கற்கும் விதம். வேதமானாலும் பிரபந்தமானாலும் பாடம் தொடங்குவது ‘சந்தை’யில். ஆசிரியர் ஒரு முறை சொல்வார். மாணவர்கள் இரண்டு முறை திருப்பிச் சொல்வார்கள். துண்டு துண்டாக எடுத்து, பிறகு துண்டுகளைச் சேர்த்து, முழுப் பாட்டாக ஆக்குவார்கள். சந்தை ஆன பகுதியைப் பல தடவை ஓட்டிப் பார்ப்பதற்குத் ‘திருவை’ என்று பெயர். பத்துத் திருவை சொல்லிவிட்டு எழுந்திரு என்பார் ஆசிரியர். ஒரே உட்காரலில் பத்து முறை சொல்வதை இன்றைய உளவியலாளர்கள் பெரிதாக மெச்ச மாட்டார்கள். அது குவித்துப் படிப்பது. அன்றைக்கு வாய் சரளமாக ஓடும், அடுத்த மாதத்துக்கு அவ்வளவாக உத்தரவாதமில்லை.

அடுத்த மாதத்தைப் பார்த்துக்கொள்வது பஞ்சாங்கம். திருப்பல்லாண்டு, கண்ணிநுண்சிறுத்தாம்பு போன்றவை நித்தியானுசந்தானத்தில் சேர்ந்தவை, அன்றாடம் சொல்லப்படுபவை. ஏகாதசி, அமாவாசை, பெருமாளின் நட்சத்திரம் என்று புறப்பாடு வரும் நாட்களில் வேறு சில பகுதிகள் வரும். ஒவ்வோர் ஆழ்வாரின் திருநட்சத்திரத்திலும் அவருடைய பிரபந்தம். பிறகு மார்கழியை ஒட்டிய அத்யயன உற்சவம்: பகல்பத்து, இராப்பத்து, கடைசியில் இயற்பா என்று நாலாயிரமும் ஒரு சுற்று வந்து முடியும். தினசரி, மாதம், ஆண்டு என்று மூன்று அடுக்கு. 1972இல் ஜெர்மானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் கேள்வி அட்டைகளைப் பெட்டிகளில் பிரித்துப் போட்டு, சரியாகச் சொன்ன அட்டையை நாள் தள்ளி வரும் பெட்டிக்கு நகர்த்து, தவறவிட்டதை முதல் பெட்டிக்கே திருப்பு என்று ஒரு முறையை எழுதினார். திவ்விய தேசத்தின் ஆண்டுச் சக்கரத்தைப் பார்க்கிறவருக்கு அந்தப் பெட்டிகள் ஞாபகம் வராமல் போகாது.

இதில் விசித்திரமான ஒரு பகுதியும் உண்டு. கார்த்திகைத் தீபத்தை ஒட்டி அநத்யயன காலம் தொடங்கும். அதிலிருந்து அத்யயன உற்சவம் வரை பிரபந்தம் சொல்லக் கூடாது. தென்கலைக் கோயில்களில் உபதேசரத்தினமாலை போன்ற வேறு நூல்கள் அந்த இடத்தை நிரப்பும். முடியும் நாள் ஊருக்கு ஊர் மாறும். எப்படியானாலும் சில வாரங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, உற்சவத்தின் முதல் நாளில் மறுபடி எடுக்க வேண்டும். மறப்பதற்கு வழி விட்டு, மறந்தும் மறவாமலும் இருக்கிற நேரத்தில் கூப்பிட்டுக் கேட்பது போன்ற ஏற்பாடு.

இதைப் பார்த்ததும், மறதியை அளந்த ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸுக்கு முன்பே நம் முன்னோர்கள் எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மார்தட்டுவது எளிது. அப்படிச் செய்வது சரியாக இருக்காது. பஞ்சாங்கம் வகுக்கப்பட்டது வழிபாட்டுக்காக. மூளை பற்றிய ஆராய்ச்சி அதில் எதுவுமில்லை. நினைவு அதில் கிடைத்த உபரி லாபம். தவிர, லைட்னரின் பெட்டி ஆளுக்கு ஆள் மாறும். உனக்கு வராதது உன்னிடம் அடிக்கடி வரும். கோஷ்டியின் சக்கரம் எல்லோருக்கும் ஒன்றுதான். அங்கே ஒருவருக்கு அடி தவறினால் பக்கத்தில் நிற்பவரின் குரல் தூக்கிவிடும். பத்துப் பேர் சொல்லும்போது உதட்டை மட்டும் அசைத்துத் தப்பிப்பதும் நடக்கும்.

ஹெர்மன் எபிங்ஹாஸிடம் உதட்டை அசைத்து ஏமாற்ற யாருமில்லை. தேர்வு எழுதியவரும் அவரே, திருத்தியவரும் அவரே. பொருளில்லாத மூன்றெழுத்து அசைகளைச் சுமார் 2,300 உருவாக்கிக்கொண்டு, அவற்றை வரிசை வரிசையாக நெட்டுருப்போட்டு, சில நிமிடம், சில மணி, சில நாள் கழித்து மறுபடியும் படித்தார். இரண்டாம் தடவை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். 1885இல் வெளியான நூலில் அவர் தந்த கணக்குப்படி 20 நிமிடத்துக்குப் பிறகு மிச்சம் 58 விழுக்காடு. ஒரு நாள் கழித்து 34. 31 நாள் கழித்து 21. முதல் நாளில் மளமளவென்று சரிந்து, பிறகு மெதுவாகத் தேய்கிற கோடு. 2015இல் ஆம்ஸ்டர்டாமில் மூரே, டிராஸ் என்ற இருவர் இதே சோதனையைத் திருப்பிச் செய்தபோதும் கோடு ஏறக்குறைய அப்படியே வந்தது.

மறதிக் கோட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதே நூலில் இருக்கும் இன்னொரு கணக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு வரிசையை முதல் நாள் ஒரேயடியாக 68 தடவை ஓட்டியதும், மூன்று நாளுக்குப் பிரித்து 38 தடவை ஓட்டியதும், மறுநாள் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. உழைப்பில் கிட்டத்தட்ட பாதி மிச்சம். எதையும் கூடுதலாகச் செய்யவில்லை. நடுவில் இரண்டு ராத்திரி தூங்கினார், அவ்வளவுதான்.

இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும்? 2008இல் நிக்கோலஸ் செபேடாவும் குழுவினரும் 1,354 பேரிடம் இதைச் சோதித்தார்கள். சிறு சிறு பொது அறிவுத் தகவல்களைக் கற்றுக்கொடுத்து, இடைவெளி விட்டு ஒரு முறை திருப்பிப் பார்க்கச் செய்து, பிறகு தேர்வு வைத்தார்கள். திருப்பிப் பார்த்த ஒரு வாரத்தில் தேர்வு என்றால் ஒரு நாள் இடைவெளி சிறந்தது. கிட்டத்தட்ட ஓராண்டு கழித்துத் தேர்வு என்றால் மூன்று வார இடைவெளி சிறந்தது. எவ்வளவு காலம் நினைவில் நிற்க வேண்டுமோ அதைப் பொறுத்து இடைவெளி நீளும்; நாளைக்குச் சரியாக இருக்கும் இடைவெளி வருஷக் கணக்குக்கு உதவாது. 1993இல் ஹாரி பாரிக் என்ற உளவியலாளர் தன் மனைவியையும் இரண்டு மகள்களையும் சேர்த்துக்கொண்டு நால்வராகவே ஆய்வுக்கு உட்கார்ந்தார். ஆளுக்கு 300 அயல்மொழிச் சொற்கள். 14 நாளுக்கு ஒருமுறை 26 தடவை படித்ததும், 56 நாளுக்கு ஒருமுறை 13 தடவை படித்ததும் ஆண்டுகள் கழித்து ஏறக்குறைய ஒரே அளவில் நின்றன. குடும்பத்தோடு மாமல்லபுரம் போய்வருகிற மாதிரி குடும்பத்தோடு ஆய்வு செய்தவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

இந்தக் கணக்குகளை வைத்துக்கொண்டு நம் பள்ளிக்கூடத்தைப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் ‘மீட்டல்’ என்று அழகாகச் சொல்வதைத் தமிழ்நாட்டில் ‘ரிவிஷன்’ என்கிறோம். அரசாங்கத் தமிழில் ‘திருப்புதல்’. பொதுத்தேர்வு எழுதும் மாணவர்களுக்குத் திருப்புதல் தேர்வுகள் பொங்கலுக்கு முன்னும் பின்னுமாக வரிசை கட்டும். ஜூனில் நடத்திய பாடம் ஜனவரி தொடங்கி அடுத்தடுத்துத் திருப்பப்படும். நடுவில் காலாண்டும் அரையாண்டும் கொஞ்சம் காப்பாற்றுகின்றன. கீழ் வகுப்புகளில் அந்தக் காப்பும் குறைந்தது. 2012-13 கல்வியாண்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது பாடநூல் மூன்றாகப் பிரிந்தது. புத்தகப்பையின் கனம் இறங்கியதில் சந்தோஷப்படாத பெற்றோர் இல்லை, நியாயமான சந்தோஷம்தான். ஆனால் முதல் பருவப் புத்தகத்தை முதல் பருவத் தேர்வோடு பரணில் ஏற்றிவிடலாம் என்றும் அதற்கு அர்த்தம். கல்லூரியின் செமஸ்டர் முறையிலும் இதே கதை. படித்ததைத் திரும்பக் கேட்க நாட்காட்டியில் யாரும் இல்லை.

கேட்பதற்கு ஆள் இருந்த பள்ளிக்கூடங்கள் செங்கல்பட்டு வட்டாரத்தில் இருந்தன. 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் தொகுக்கப்பட்டபோது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. அவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. செங்கல்பட்டு ஜில்லாவில் மட்டும் 508 பள்ளிகள். பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள். காந்தியவாதி தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடி எடுத்து 1983இல் நூலாக்கிய பிறகு, அவை பொற்காலமா இல்லையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பெண்கள் கணக்கையும், கணக்கிலேயே வராத சாதிகளையும் பார்த்தால் பொற்காலம் என்று சொல்ல நா எழாது. ஆனால் அந்தத் திண்ணையில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பது இந்தக் கட்டுரைக்கு முக்கியம்.

விடியற்காலையில் வந்து முந்தின நாள் பாடத்தை ஒப்பிக்க வேண்டும். இதற்கு ‘முறை சொல்லுதல்’ என்று பெயர். சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். பகலில் மணலிலும் ஓலையிலும் எழுத்து. மாலையில் மறுபடியும் கோரஸாக முறை: எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம். நெல்லிலக்கம் என்பது படி, மரக்கால் போன்ற முகத்தலளவைகளின் வாய்பாடு. பொன்னிலக்கம் தங்கத்துக்கும் காசுக்கும். தஞ்சை மாவட்டத்துச் சிறுவனாக இப்படியொரு பள்ளியில் படித்த உ.வே.சாமிநாதையர் தன் வரலாற்றில் ஒரு பழக்கத்தைக் குறிப்பிடுகிறார். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பையனுக்கும் பூ, பட்சி, ஊர் என்று சில பெயர்களைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் வந்ததும் அந்தப் பெயர்களைச் சொல்ல வேண்டும். ஓலையில்லை, எழுத்தாணியில்லை. ஓர் இரவு இடைவெளி, பிறகு ஒரு கேள்வி. எபிங்ஹாஸ் சுவடியைத் திறப்பதற்கு முன்பே, சாமிநாதையரின் ஊரான உத்தமதானபுரத்து வாத்தியார் தினசரி நடத்திய சோதனை. சொல்லாவிட்டால் பிரம்பு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

திண்ணையில் நடந்ததை வெறும் குருட்டு மனப்பாடம் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒதுக்கினார்கள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தில் பணியாற்றும் வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு இதை மறுக்கிறார். தென்னிந்தியக் கணிதம் பற்றி 2022இல் வெளியான அவருடைய நூல், திண்ணையின் கணக்குக் கல்வியில் நினைவு என்பது சேமிப்புக் கிடங்காக மட்டும் இருக்கவில்லை, கற்கும் வழியாகவே இருந்தது என்கிறது. கேட்டுச் சொல்லி, எழுதிச் சொல்லி, கூட்டத்தோடு சொல்லி, கடைசியில் சந்தையில் நெல் அளக்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது வரை நீண்ட ஒரே சங்கிலி அது.

பவணந்தியின் நன்னூல், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து நூல், இதையே கணக்காகப் போட்டுக் காட்டுகிறது. மாணவன் பாடத்தைப் போற்ற வேண்டும், கேட்டதை நினைத்துப் பார்க்க வேண்டும், ஆசிரியரிடம் போய் மறுபடி கேட்க வேண்டும், கூடப் படிப்பவர்களோடு பழக வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு முறை கேட்டால் பிழை குறையும். மூன்று முறை கேட்டால் முறையறிந்து தானே சொல்வான். அத்தனையும் செய்தாலும் ஆசிரியரிடமிருந்து வருவது கால் பங்குதான். இன்னொரு கால் கூடப் படிப்பவர்களோடு பயில்வதில் வரும். மிச்சம் அரை, தான் எடுத்து மற்றவர்களுக்கு விரித்துரைக்கும்போது வரும். புத்தகத்தை வெறித்துப் பார்ப்பதற்கு அவர் பங்கே ஒதுக்கவில்லை.

2006இல் ரோடிகரும் கார்பிக்கும் அமெரிக்க மாணவர்களிடம் நடத்திய சோதனை பவணந்திக்கு ஆச்சரியம் தந்திருக்காது. ஒரு பத்தியைப் படித்த பிறகு ஒரு குழு அதையே மறுபடி படித்தது. இன்னொரு குழு புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது மறுபடி படித்தவர்கள் 81 விழுக்காட்டோடு முந்தினார்கள், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்கள் 56, மறுபடி படித்தவர்கள் 42. தேர்வு அறைக்கு வெளியே கடைசி நிமிடம் வரை நோட்டைப் புரட்டுகிறவர் செய்வது அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் சரி.

கால், அரை என்றதும் திண்ணையின் இன்னொரு பாதி நினைவுக்கு வருகிறது. அங்கே பையன்கள் நெட்டுருப்போட்ட பின்னங்கள் ஒரு பெரிய படை. மா என்றால் இருபதில் ஒன்று. அரைக்கால் எட்டில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்ட் செங்கல்பட்டு ஜாகீரின் சுமார் இரண்டாயிரம் கிராமங்களைச் சர்வே செய்தபோது, ஊர்க்கணக்குகளை ஓலையில் வைத்திருந்த கணக்குப்பிள்ளைகளுக்கு இந்தப் பின்னங்கள் மூச்சுவிடுவது போல வந்திருக்க வேண்டும். அவர்கள் சிறுவயதில் போட்ட உரு அவர்களைக் காப்பாற்றியது என்று சொல்வதைவிட, விளைச்சலுக்கு விளைச்சல் வாரத்தையும் மானியத்தையும் பிரித்து எழுத வேண்டியிருந்தது காப்பாற்றியது என்று சொல்வதே சரி. களத்துமேடு அவர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

கேள்வி நின்ற நாளும் நமக்குத் தெரியும். 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. பதினாறணா ரூபாய் நூறு காசாக மாறியது. தொடர்ந்து மெட்ரிக் அளவை வந்து படியையும் மரக்காலையும் தள்ளியது. யாரும் மாகாணியைத் தடை செய்யவில்லை. அரிச்சுவடிப் புத்தகங்களில் அது பிறகும் சில காலம் அச்சில் இருந்தது. ஆனால் கடையில் அதைக் கேட்க ஆளில்லாமல் போன ஒரு தலைமுறைக்குள் அது தாத்தாக்களின் வாயோடு போய்விட்டது. கால், அரை, முக்கால் மட்டும் இன்றும் எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயிலும் பிழையில்லாமல் வருகின்றன. காய்கறிக் கடையில் கால் கிலோ, மீன் கடையில் அரைக் கிலோ, ரயில் நிலையத்தில் எட்டே முக்கால் வண்டி என்று அவற்றின் முறை தினமும் வருகிறது. ஒரு முழு மொழிச் சமூகத்தையே வைத்து நடந்த மறதிச் சோதனை என்று இதைச் சொல்லலாம், எபிங்ஹாஸுடையதைவிடப் பெரியது.

எட்டே முக்கால் வண்டியில் ஏறிக்கொள்வோம். செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில். மறைமலைநகர், கூடுவாஞ்சேரி, வண்டலூர் தாண்டித் தாம்பரம் வர முக்கால் மணி நேரம் பிடிக்கும். 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி இந்தப் பாதையின் தென்முனையில் இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வுக்கும் நீட்டுக்கும் படிக்கிறவர்கள் பாதை நெடுகிலும் இருக்கிறார்கள். மருத்துவம் படிப்பவர்கள் உலகெங்கும் கைபேசியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ‘அங்கி’ என்ற செயலி. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள்.

இதன் பூர்வீகம் போலந்து. போஸ்னான் நகரத்து மாணவர் பியோத்ர் வோஸ்னியாக் 1985இல் காகிதத்தில் இடைவெளிகளைச் சோதித்துப் பார்த்து, 1987இல் அதைக் கணினி நிரலாக்கி ‘சூப்பர்மெமோ’ என்று பெயர் வைத்தார். ஒவ்வோர் அட்டைக்கும் அது தனி இடைவெளி கணக்கிடும். எளிதாகச் சொன்னால் அடுத்த முறை தள்ளிப் போகும், திணறினால் கிட்ட வரும். டேமியன் எல்ம்ஸ் ஜப்பானிய மொழி படிப்பதற்காக 2006இல் உருவாக்கிய அங்கி, வோஸ்னியாக்கின் இரண்டாம் சூத்திரத்தைத் தழுவியது. செயின்ட் லூயிஸ் நகரத்து மருத்துவ மாணவர்களிடம் எடுத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய 1,700 அங்கி அட்டைகளுக்கு ஒரு மதிப்பெண் என்ற விகிதத்தில் உரிமத் தேர்வின் முதல் கட்ட மதிப்பெண் கூடியிருந்தது. அட்டை படித்ததால் மதிப்பெண் வந்ததா, மதிப்பெண் எடுக்கிற பிள்ளைகள்தான் அட்டையும் படிக்கிறார்களா என்று இத்தகைய ஆய்வால் அறுதியிட முடியாது. இடைவெளி வரவர நீள வேண்டும் என்று செயலிகள் வற்புறுத்துவதும் அவ்வளவு உறுதியான விஷயமல்ல. 2011இல் கார்பிக்கும் பாவர்ன்ஷ்மிட்டும் செய்த சோதனையில் நீளும் இடைவெளி, சீரான இடைவெளி இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மொத்த இடைவெளி எவ்வளவு என்பதே முடிவு செய்தது.

உண்மையான சிக்கல் சூத்திரத்தில் இல்லை. அங்கியை நிறுவியதும் அது தானாக வைத்துக்கொள்ளும் உச்சவரம்பு நாளொன்றுக்கு 20 புதிய அட்டை, 200 மீட்டல். தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் திறக்காமல் இருந்தால் பாக்கி குவிந்து நிற்கும். திறந்ததும் தெரிவது அந்தப் பாக்கிதான். வட்டிக்கடைக்காரர் வாசலில் நிற்பது போல இருக்கிறதென்று மூடிவிட்டால் மறுநாள் இன்னும் ஏறும். பலரும் முறையைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். செயலி இடைவெளியைத் துல்லியமாகக் கணக்கிடுகிறது. உட்கார வைக்க அதனால் முடியவில்லை. கோஷ்டிக்கு ஒருவர் வராவிட்டால் அவர் நிற்க வேண்டிய இடம் காலியாகத் தெரியும். திண்ணைக்கு வராத பையனைத் தூக்கிவரச் சட்டாம்பிள்ளை ஆட்களோடு வீட்டுக்கே போவான். செயலி காட்டும் எண்ணை விரலால் ஒதுக்கிவிடலாம். நிகழ்காலத்துத் தனிப் படிப்பாளியிடம் பழைய அமைப்புகளைவிடக் கூர்மையான சூத்திரம் இருக்கிறது, ஆனால் அதைக் காவல் காக்க அவர் ஒருவரே இருக்கிறார். மூன்று பேர் சேர்ந்து வாரம் ஒருநாள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது, சுமாரான இடைவெளியாக இருந்தாலும், ஆளில்லாத துல்லியத்தைவிட மேல் என்றே தோன்றுகிறது. நன்னூலின் இரண்டாவது கால் பங்கு அதுதான்.

இந்தக் கடற்கரையிலேயே காவலும் இடைவெளியும் சேர்ந்து இருக்கிற ஓர் இடம் உண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984இலும் இரண்டாவது 1986இலும் வணிக உற்பத்திக்கு வந்தன. அணுமின் நிலையத்துக்குள் நடக்கும் அவசரநிலைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை. வளாகம் முழுவதற்குமான அவசரநிலைக்கு ஆண்டுக்கு ஒருமுறை. வெளியே ஊர் மக்களையும் மாவட்ட நிர்வாகத்தையும் சேர்த்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையில் நடக்கிற சக்கரம் இது. தினசரி, மாதம், ஆண்டு என்ற கோயில் அடுக்கைப் போலவே இங்கும் மூன்று அடுக்கு. ஒத்திகை செய்வோமா என்று கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர் யோசிக்க வேண்டியதில்லை. தேதி அவரைத் தேடி வரும். மூன்றாவது அடுக்கில்தான் இழை மெலிகிறது. இரண்டு ஆண்டு என்பது மாவட்ட ஆட்சியரும் துறை அதிகாரிகளும் மாற்றலாகிப் போய்விடக்கூடிய இடைவெளி. போன ஒத்திகையில் நின்றவர் அடுத்ததில் இருக்க மாட்டார் என்றால் அங்கே மீட்டல் நடக்கவில்லை, முதல் பாடமே மறுபடி நடக்கிறது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை கடல் உள்ளே வந்தபோது முதல் உலை பராமரிப்புக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீரை இறைக்கும் பம்ப் அறையில் வெள்ளம் புகுந்து பம்புகள் நின்றன. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அந்தக் காலையில் குடியிருப்புப் பகுதியிலும் பக்கத்து மீனவக் குப்பங்களிலும் உயிர்கள் போயின. கடல் பின்வாங்கினால் ஓட வேண்டும் என்று இந்தக் கரையில் யாரும் யாருக்கும் முறை வைத்துச் சொல்லித் தந்திருக்கவில்லை. அது போல ஒன்று வந்து எத்தனை தலைமுறை ஆகியிருந்ததோ, அத்தனை நீண்ட இடைவெளியைத் தாங்கும் நினைவு கிடையாது. இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுனாமி ஒத்திகை நடத்தத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பிரபந்தத்துக்கும் இப்படி ஓர் அழிவு நேர்ந்தது என்று வைணவ மரபு சொல்கிறது. வீரநாராயணபுரம் என்ற காட்டுமன்னார்கோயிலில் வாழ்ந்த நாதமுனிகள் ஒருநாள் யாத்திரிகர்கள் சிலர் பாடக் கேட்டார். குடந்தைப் பெருமாள் மேல் நம்மாழ்வார் பாடிய பத்துப் பாசுரம். ஆயிரத்தில் இது பத்து என்ற குறிப்பு பாட்டுக்குள்ளேயே இருந்தது. மிச்சம் எங்கே என்று கேட்டார். அவர்களுக்குத் தெரிந்தது அந்தப் பத்துதான். அதைத்தான் அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். நாதமுனிகள் நம்மாழ்வாரின் ஊரான குருகூருக்குப் போய், கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னிரண்டாயிரம் உரு சொல்லி, நம்மாழ்வாரிடமிருந்தே நாலாயிரத்தையும் பெற்றதாகக் கதை போகிறது.

பன்னிரண்டாயிரம் உருவைத்தான் எல்லோரும் சிலாகிப்பார்கள். அதற்குப் பிறகு அவர் செய்ததும் அதே மரபில் சொல்லப்படுகிறது. ஊருக்குத் திரும்பி வந்து, சகோதரியின் பிள்ளைகளான மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் இருவரையும் எதிரில் உட்கார வைத்து, இசையோடு சொல்லிக்கொடுத்தார். திருவரங்கத்தில் ஆண்டுதோறும் எந்த நாளில் எது சொல்லப்பட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்.